ஊழும் உத்தரவும்

வாடைக்காற்றுத் தொடங்கிக் கொட்டியாரக்குடா கலங்கத் தலைப்படும் மாதங்களிலே, திருகோணமலைப் பிரதேசத்தில் அரசாங்க ஊழியம் செய்து வாழும் குடும்பங்களுக்கு வேறொரு கலக்கமும் வருடந்தோறும் வந்து சேர்கின்றது. சனவரி முதலாந் திகதி அமுலுக்கு வரவேண்டிய வருடாந்த இடமாற்றப் பட்டியல் அக்காலத்தை ஒட்டித்தான் வெளியாகும். கச்சேரியிலும், மாகாணத் திணைக்களங்களிலும், வலயக் கல்விப் பணிமனையிலும், "பெயர் வந்திட்டுதோ?" என்பதே அந்நாள்களின் குசலப் பிரசினமாகிவிடும். கஷ்டப் பிரதேசச் சேவையை முடித்தவர் யார், முடிக்காமலே நகரத்தில் வேரூன்றியவர் யார், பதிலாள் வருமுன் விடுவிப்புக் கடிதம் கொடுக்கலாமா கூடாதா, எவர் எந்தச் சட்டத்தரணியைக் காணப் போயிருக்கிறார் என்றெல்லாம் பேசித் தீர்த்த பின்னர், வயதில் மூத்த ஒருவர் பெருமூச்சோடு, "எல்லாம் விதிதான், எங்கே சோறு என்று கோணேசர் எழுதியிருக்கிறாரோ அங்கேதானே போகவேணும்" என்று சொல்லி முடிப்பார். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் அந்த வாசகத்திலே, சமயமும் தத்துவமும் நீதிசாஸ்திரமும் ஒருங்கே பிணைந்துகிடக்கும் பெரிய விவகாரமொன்று அடங்கியிருப்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மேலதிகாரி ஒருவர் கையொப்பமிட்டு அனுப்பும் தாளை ஊழின் ஏவலாகக் கொள்ளலாமா? கொள்ளலாமெனின், அதனை எதிர்த்து நியாயஸ்தலத்துக்குப் போவதும், வழக்கு முடியும்வரை அதனை நிறுத்திவைக்குமாறு இடைக்காலக் கட்டளை கேட்பதும் தெய்வ சங்கற்பத்தோடு வாதாடுவதாகுமா? கொள்ளலாகாதெனின், பற்றற்றுத் தொண்டு செய்க என்று நம் சமயங்கள் ஒருமுகமாய்க் கூறும் உபதேசத்துக்கு உத்தியோக வாழ்விலே இடம் எங்கே?

முதல் வினாவுக்கு விடை காண நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. திருக்குறளின் அதிகார வைப்பை நோக்கினாலே போதும். அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். அதை அடுத்துப் பொருட்பால் இறைமாட்சியோடு தொடங்குகின்றது. ஊழைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த பின்னரே அரசனைப் பற்றிய பேச்சு எடுக்கப்படுகிறது என்பதும், ஊழின் வலிமையை அவ்வளவு அழுத்தமாக ஒப்புக்கொண்ட ஆசிரியர், அரசனுடைய கடமைகளை வகுக்கும் அதிகாரங்களிலே அதனை அவனுக்கு ஒரு சாக்காக எடுத்துக் கொடுக்கவில்லை என்பதும் எனக்கு மிகுந்த அர்த்தமுள்ளவையாகப் படுகின்றன. வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுக்கடுக்காக வரும் அதிகாரங்களுட் சில போர்க்களத்தையே முதன்மையாகக் கருதி எழுந்தனவாயினும், இன்ன காரியத்தை இன்ன காலத்தில் இன்னாரிடம் ஒப்படைப்பது ஆள்வோன் ஆராய்ந்து செய்யவேண்டிய தொழில் என்பதே அவை அனைத்துக்கும் அடியிலுள்ள கொள்கை. ஆராய்ந்து செய்யவேண்டிய தொழில் ஆராயாமற் செய்யப்படும்போது, அதனாலே துன்புற்றவன் அதனைத் தன் பழவினையென்று எண்ணித் தேறிக்கொள்ளலாம். அது அவனுடைய மனப்பக்குவத்தைப் பொறுத்தது. செய்தவன் அவ்வாறு சொல்லித் தப்புவதற்கு வழியில்லை. ஊழ்வினையின் வலிமையைக் காட்டுவதையே தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்ட சிலப்பதிகாரத்தில்கூட, பாண்டியன் தன் ஏவல் விசாரணையின்றி இடப்பட்டதென்று உணர்ந்த கணத்திலே கோவலனுடைய முற்பிறப்பைப் பற்றிப் பேசவில்லை. குற்றத்தைத் தன்மேலேயே ஏற்றுக்கொண்டான். அவனுடைய கட்டளையின் கொடுமை அது தவறானது என்பதில் மாத்திரம் இருக்கவில்லை, மீட்கமுடியாதது என்பதிலும் இருந்தது. இந்த இரண்டாவது விஷயமே நம் விசாரணைக்கு முக்கியமானது.

இடமும் ஊழியமும் எவ்வாறு பிணைந்திருக்கவேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய மரபொன்று உண்டு. கவிராஜ வரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டு மன்னன் கோணேசர் திருப்பணியை நிறைவேற்றியபின், தானத்தார், வரிப்பத்தார் முதலிய குடிகளை வருவித்து, நிலமும் வருவாயும் வகுத்து, இன்ன குடிக்கு இன்ன தொழும்பு என்று நிலைப்படுத்திய செய்தியைச் சொல்கின்றது. அங்கே தொழும்பு, நிலம், குடி என்ற மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. ஒருவன் எங்கே நிற்கிறான் என்பதே அவன் யார் என்பதற்கு விடையாக இருந்தது. பிறப்பினாலே தொழிலைப் பூட்டிவைத்த அந்த ஏற்பாடு மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. ஆனால் அதற்கு நேர் எதிரான துருவத்திலே, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற நிர்வாகம் உத்தியோகத்தனுக்குப் பதவியைக் கொடுத்து இடத்தை எடுத்துக்கொண்டது. முடிக்குரியவரின் பிரியம் உள்ளவரையே அவன் பதவி வகிக்கிறான் என்பது பழைய ஆங்கில நியாயம். அந்தப் பிரியம் அவனை மன்னாருக்கும் அனுப்பலாம், மாத்தறைக்கும் அனுப்பலாம். 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த பின்னர், அது நின்ற பாறையைக் காவல்செய்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆகிய சேனை வீரர் யாவரும் இடமாற்றத்துக்கு உட்பட்டவர்களே என்பதை நினைக்கும்போது, பரம்பரைத் தொழும்பினர் நின்ற அதே நிலத்தில் இரண்டு தர்மங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாழ்ந்துபோயிருப்பது புலனாகின்றது.

இனி, பற்றைப் பற்றிய வாதம். இடமாற்றத்தை எதிர்ப்பவன் சொந்த ஊரின்மேலும் சுகத்தின்மேலும் பற்றுக்கொண்டவன், நிஷ்காம கர்மத்தை அறியாதவன் என்று சொல்லும் வழக்கம் அதிகாரிகளிடையே மாத்திரமன்றிச் சமயப் பிரசங்கிகளிடையேயும் உண்டு. கீதை படித்தவர்கள் இதைச் சற்றுக் கூடுதலான உற்சாகத்தோடு சொல்வார்கள். பற்றறுத்தல் உயர்ந்த தர்மம் என்பதில் சைவருக்கும் பௌத்தருக்கும் பேதமில்லை; பொறுமையையும் இறைவனிடம் சரணடைதலையும் போற்றும் இஸ்லாமியருக்கும், சிலுவையைச் சுமத்தலைப் போற்றும் கிறிஸ்தவருக்கும் அது அந்நியமன்று. ஆனால் அது ஒருவன் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ளும்போது மாத்திரமே தர்மமாகின்றது. பிறனைப் பார்த்து, அதிகாரத்தின் பலத்தோடு, "பற்றை விடு" என்று சொல்பவன் அவனுடைய பற்றை அறுப்பதில்லை. தன் இச்சைக்குக் காவி உடுத்துகிறான். துறவை ஒருவர்மேல் சுமத்தினால் அது துறவாகாமல் பறிமுதலாகிவிடும். அன்றியும், பற்று என்று இகழப்படுவது உண்மையிலே பற்றுத்தானா என்பதையும் ஆராயவேண்டும். நோயிலே கிடக்கும் தாயை விட்டுப் பிரியமுடியாமை பற்றா, கடமையா? இல்லறத்தானுக்குப் பெற்றோரையும் சுற்றத்தையும் தாங்குதல் அறமென்று விதித்த அதே நூல்கள், அரசாங்க முத்திரையுள்ள கடிதமொன்று வந்தவுடன் அந்த அறம் பற்றாக மாறிவிடும் என்று எங்கும் சொல்லவில்லை.

சட்டம் இந்த விவகாரத்தை இவ்வளவு ஆழமாகப் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. இடமாற்றம் சேவையோடு உடன்வருவது, ஆதலால் அதனைக் குறைகூற முடியாது என்பதே நீதிமன்றங்களின் பொதுவான ஆரம்பம். தாபன விதிக்கோவையின் மூன்றாம் அத்தியாயமும், அரசாங்க சேவை ஆணைக்குழுவின் நடைமுறை விதிகளும், வருடாந்த இடமாற்றம், சேவைத் தேவை கருதிய இடமாற்றம், ஒழுக்காற்றுக் காரணத்தாலான இடமாற்றம், உத்தியோகத்தரின் வேண்டுகோளின்மேல் நிகழும் இடமாற்றம் என்று வகைபிரித்துப் பேசுகின்றன. இவற்றுள் வழக்குகளின் விளைநிலம் சேவைத் தேவை என்ற வகையே. அது காரணத்தைச் சொல்வது போலத் தோன்றி, ஒரு காரணத்தையும் சொல்லாமல் விடும் சொற்றொடர். சைவ சித்தாந்தம் இறைவனுடைய தொழில்கள் ஐந்து என்று கொண்டு, அவற்றுள் ஒன்றாக மறைத்தலை வைக்கின்றது; திரோதானம் என்று அதற்குப் பெயர். உண்மையை ஆன்மாவுக்கு மறைத்து, வினையை நுகரச்செய்து, பக்குவம் வந்தபின் அருளுவது அதன் பயனாதலால், அந்த மறைப்பும் ஒருவகை அருளே என்று ஆசாரியர்கள் சாதிப்பார்கள். அந்தச் சாதனை முழுவதும் ஓர் எண்ணத்தின்மேல் நிற்கிறது: மறைப்பவன் முடிவை அறிந்தவன். முடிவை அறியாதவன் காரணத்தை மறைத்தால் அதிலே அருள் எதுவும் இல்லை. கல்விப் பணிப்பாளரோ திணைக்களத் தலைவரோ ஆன்ம பக்குவத்தை அளந்து பார்த்து ஒருவரைக் குச்சவெளிக்கு அனுப்புவதில்லை. ஆகவே அவர்களுடைய மறைப்பு வெறும் மறைப்பு. இலங்கை உயர் நீதிமன்றம் கருணாதாச எதிர் யுனிக் ஜெம் ஸ்ரோன்ஸ் வழக்கிலே, நீதியரசர் மார்க் பெர்னாண்டோ வாயிலாக, காரணங்களை நீதிமன்றத்துக்கும் வெளிப்படுத்தாத அதிகாரிக்கு உண்மையிலே காரணமே இருக்கவில்லை என்று ஊகிக்க இடமுண்டு என்ற நிலையை வற்புறுத்தியபோது, அந்த நீதியரசர் சித்தாந்தத்தை நினைத்திருக்கமாட்டார். ஆனாலும் இறைவனுக்கே உரிய தொழிலொன்றை மனிதர் கையாளலாகாது என்ற தீர்மானத்துக்கே அவரும் வந்து சேர்ந்திருக்கிறார்.

தமிழ்நாட்டிலே இதற்கு இன்னும் பிரசித்தமான ஓர் உதாரணம் உண்டு. 1969 நவம்பரில் தலைமைச் செயலாளராக அமர்ந்த இராயப்பா, 1971 ஏப்ரலில் மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவராக மாற்றப்பட்டார். 1972இல் விசேஷ கடமை அதிகாரியாக மறுபடியும் மாற்றப்பட்டார். பழிவாங்கும் எண்ணத்தோடு செய்யப்பட்ட மாற்றங்கள் இவை என்று அவர் டில்லி வரை சென்று வாதாடினார். 1973 நவம்பரிலே அவருடைய மனு தள்ளுபடியாயிற்று. தீய நோக்கத்தை நிரூபிக்கும் பாரம் பெரிது, அதனை அவர் நிறைவேற்றவில்லை என்று நீதிபதிகள் கண்டார்கள். ஆனால் தோற்ற அந்த வழக்கிலேதான் நீதிபதி பகவதி, தன்னிச்சையான செயலும் சமத்துவமும் ஜன்மப் பகைவர்கள் என்ற தத்துவத்தை நிலைநாட்டினார். தோற்றவருக்கு அதனால் ஒரு பயனும் விளையவில்லை; பின்னால் வந்த எத்தனையோ மனுதாரர்கள் அவருடைய தோல்வியைக் காட்டி ஜெயித்தார்கள். கர்மபலன் செய்தவனையே சேரும் என்று நம்புவோர் நீதிமன்ற அறிக்கைகளைப் படிக்கும்போது சற்றுத் திகைக்கவேண்டியிருக்கும்.

இப்போது இடைக்காலக் கட்டளைக்கு வருவோம். வழக்கின் முடிவு தெரியாது. மனுதாரர் சொல்வது மெய்யா என்பதும், அதிகாரி சொல்வது மெய்யா என்பதும் இன்னும் விசாரிக்கப்படவில்லை. ஆயினும் திங்கட்கிழமை காலையிலே மனுதாரராகிய ஆசிரியை எந்தப் பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடுவது என்பதை இன்றைக்கே தீர்மானித்தாகவேண்டும். தீர்மானிக்காமல் விடுவதும் ஒரு தீர்மானமே. தடையுத்தரவு இல்லையெனில் இடமாற்றம் தானாகவே நிகழ்ந்துவிடும். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது மாத்திரம் கட்டளைக்குக் கீழ்ப்படியாமைக்குக் காரணமாகாது, முதலில் போய்ப் பொறுப்பேற்றுவிட்டுப் பின்னர் முறையிடு என்பதை 1989இல் இந்திய உச்ச நீதிமன்றம் குஜராத் மின்சாரச் சபை வழக்கிலே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அறியாமையின் நடுவிலே நின்று செயல்படவேண்டிய இந்த நிர்ப்பந்தம் நீதிபதிக்கு மாத்திரம் உரியதன்று. மனித வாழ்க்கை முழுவதுமே இத்தகைய இடைக்காலந்தான். வித்தியாசம் என்னவெனில், நாம் அதனை மறந்து முடிவு தெரிந்தவர்கள் போல நடந்துகொள்கிறோம். நீதிபதியோ தமக்கு முடிவு தெரியாது என்பதை எழுத்திலே ஒப்புக்கொண்டு கட்டளையிடவேண்டியவராக இருக்கிறார்.

இலங்கையின் மேன்முறையீட்டு நீதிமன்றம் துவேஆராச்சி எதிர் வின்சென்ற் பெரேரா வழக்கிலே, இத்தகைய தருணத்தில் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று என்று வகுத்தது. 1984ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. மனுதாரர் ஈற்றில் வென்றால் அந்த வெற்றி பயனற்றதாகிவிடுமா என்பது ஒன்று. வசதியீனத்தின் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மற்றொன்று. மீட்கமுடியாத தீங்கு எவருக்கேனும் நேருமா என்பது மூன்றாவது. ஆழ்ந்து பார்த்தால் இம்மூன்றும் காலத்தைப் பற்றிய ஒரே கேள்வியின் மூன்று முகங்கள். அடகு வைத்த நகையை மீட்கலாம். நுகர்ந்து கழிந்த நாளை மீட்கமுடியாது. பிராரத்த வினை அனுபவித்தே தீரவேண்டியது, அனுபவித்தபின் இல்லாதது என்று நம்மவர்கள் சொல்வதும் இதனையே. இறுதித் தீர்ப்பு சம்பள நிலுவையைத் திருப்பிக் கொடுக்கும், பதவியைத் திருப்பிக் கொடுக்கும். தாயின் கடைசி மாதங்களைக் கொடுக்காது.

இந்த இடத்திலே, வேறொரு வழக்கை நினையாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இடமாற்ற வழக்கன்று; சம்பள உயர்ச்சியைப் பற்றியது. 1961 டிசம்பரில் வெளியான 560ஆம் இலக்கத் திறைசேரிச் சுற்றறிக்கை, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத அரசாங்க உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்ச்சி இல்லையென்று விதித்தது. எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த செல்லையா கோடீஸ்வரன் வழக்கிட்டார். கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிறெற்சர் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அரசகரும மொழிச் சட்டமே சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்றும் கண்டார். 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடிமீது வழக்குத் தொடுக்கவே முடியாது என்று கூறி, பெரிய கேள்வியைத் தொடாமலே அத்தீர்ப்பைப் புரட்டியது. 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகத்திலே டிப்ளொக் பிரபு, சம்பளத்துக்காக வழக்கிடலாம் என்று கண்டு, 29ஆம் பிரிவைப் பற்றிய கேள்வியைத் தீர்க்குமாறு வழக்கை இலங்கைக்கே திருப்பி அனுப்பினார். 1971இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் உரிமை நீக்கப்பட்டது; 1972இல் 29ஆம் பிரிவே இல்லாத புதிய அரசியலமைப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு மேல்மன்றம் எதுவும் விடை சொல்லவில்லை. ஒரு மனிதனுடைய உத்தியோக வாழ்வையும் ஒரு சமூகத்தின் அரசியல் விதியையும் தொட்டு நின்ற வழக்கொன்று, இடைக்காலத்திலேயே பிறந்து இடைக்காலத்திலேயே முடிந்துபோயிற்று. இதைவிட விசித்திரமானது, அதே டிப்ளொக் பிரபுதான் 1975இல், அறுவைச் சிகிச்சைத் தையல் நூலைப் பற்றிய காப்புரிமை வழக்கொன்றிலே, இடைக்காலத் தடையுத்தரவைப் பற்றி ஆங்கிலச் சட்ட உலகம் இன்றுவரை ஓதிவரும் சூத்திரத்தை அருளினார் என்பது. இடைக்கட்டத்திலே முழு வழக்கையும் விசாரித்துவிட முயலாதே, தீர்க்கவேண்டிய மெய்யான பிரசினம் ஒன்று உண்டா என்று பார், பின்னர் எந்த நஷ்டத்தைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது என்று பார் என்பது அதன் சாரம். அந்தக் காப்புரிமை வழக்கை இட்ட அமெரிக்கன் சயனமிட் கம்பெனியின் நஷ்டத்தைப் பற்றி அவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர், கொழும்புக்குத் திருப்பி அனுப்பிய கேள்வி வந்து சேர்ந்ததா என்று எப்போதாவது விசாரித்தாரா என்று நினைத்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

மறுபடி திருகோணமலைக்கு வருவோம். இங்கே சமயமே நேராக வழக்குக்குள் புகுந்த விவகாரமொன்றையும் நாம் கண்டோம். 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அவர்களின் முயற்சியால் தோன்றிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியிலே, முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் அபாயா அணிந்து வருவதைப் பற்றி 2018 ஏப்ரலில் ஆட்சேபம் எழுந்து, ஆர்ப்பாட்டமாக முற்றியது. அந்த ஆசிரியைகள் தற்காலிகமாக வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கம் பரிந்துரைத்தது. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. 2022 பெப்ரவரியிலே ஒருவர் மீண்டும் கடமையேற்க வந்த நாளிலும் பூசல் நிகழ்ந்தது. ஒரு பக்கம் பாடசாலையின் சமயப் பண்பாடு என்ற வாதம். மற்றப் பக்கம் தன் சமயத்தின்படி உடுத்தும் உரிமை என்ற வாதம். முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்கினராகவும், தமிழரும் சிங்களவரும் எஞ்சியோராகவும் வாழும் மாவட்டத்திலே இவ்வாதங்களின் முழுப் பாரத்தையும் நிறுத்துப்பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒருவர் கடமைக்கு வரும் உடையைக் காரணமாக வைத்து அவரை அப்புறப்படுத்துவது சைவத்தின் பெருமைக்கு அவசியமென்று நான் கருதவில்லை என்பதை மாத்திரம் சொல்லிவைக்கிறேன். நம் கவனத்துக்கு உரியது வேறு. இறுதியான இடமாற்றக் கட்டளை ஒன்று பிறப்பிக்கப்பட்டிருந்தால், அதற்குக் காரணம் சொல்லவேண்டியிருக்கும். சொன்ன காரணம் பரிசீலிக்கப்பட்டிருக்கும். தற்காலிகம் என்று பெயரிட்டதனாலே காரணம் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் தளர்ந்தது. இறுதிக் கட்டளை துணியாத காரியத்தைத் தற்காலிக ஏற்பாடு ஏறத்தாழ நான்கு வருடம் செய்துகொண்டிருந்தது. நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளையைப் பற்றி அதிகாரிகள் அடிக்கடி குறைகூறுவார்கள். தாங்களே பிறப்பிக்கும் இடைக்கால ஏற்பாடுகளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

நியாயஸ்தலத்தின் வாசலைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 13ஆவது திருத்தத்தின் பயனாக, மாகாண நிரலுக்குள் அடங்கும் விஷயங்களிலே எழுத்தாணை வழங்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. ஆகவே மாகாணப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் இந்த ஊரிலுள்ள மேல் நீதிமன்றத்தையே நாடலாம். அதே வீதியிலுள்ள தேசியப் பாடசாலையின் ஆசிரியரோ சுமார் 260 கிலோமீற்றர் கடந்து கொழும்பு புதுக்கடைக்குப் போகவேண்டும். அங்கே போயும் 17ஆவது திருத்தத்திலிருந்து வந்த தடையொன்று வாசலில் நிற்கும். அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானங்களை அடிப்படை உரிமை மனுவின் வழியிலன்றி ஏனைய நீதிமன்றங்கள் பொதுவாகக் கேள்வி கேட்கலாகாது என்பது அதன் கருத்து. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். தவறினால் கதவு அடைபட்டுவிடும். நீதிமன்றம் அதனை இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடவேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையே விதிக்கின்றது. அந்த இரண்டு மாதம் பல வருடங்களாக நீள்வதை எல்லாரும் அறிவர். மனுதாரருக்கு விதித்த மாதம் மாதமாகவும், நீதிமன்றத்துக்கு விதித்த மாதம் உபதேசமாகவும் பொருள் கொள்ளப்படுவதிலே எனக்குத் திருப்தியில்லை.

இதனால்தான் இடைக்காலக் கட்டளைகளை மேல்மன்றங்கள் மீளாய்வு செய்யும் கட்டம் நாம் நினைப்பதைவிடப் பாரதூரமானது. இறுதித் தீர்ப்புத் தொலைவிலே இருக்கும்போது, இடைக்காலக் கட்டளையே நடைமுறையில் தீர்ப்பாகிறது; அதனை மீளாய்வு செய்யும் மன்றமே நடைமுறையில் இறுதி மன்றமாகிறது. சனவரியிலே தடையுத்தரவு பெற்ற ஒருவர், ஆட்சேபம் வருவதும் திகதி தள்ளிப்போவதுமாக அடுத்த வருடப் பட்டியல் வரும்வரை அதே கதிரையில் இருந்துவிட்டு, பின்னர் வழக்கை மீளப்பெற்றுக்கொள்வதும் உண்டு. அவர் வென்றார் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஆனால் அவர் வென்றுவிட்டார். தடையுத்தரவு மறுக்கப்பட்டவரோ, மூன்றாவது வருடத்திலே தம் இடமாற்றம் சட்டவிரோதமானது என்ற தீர்ப்பைக் கையில் வாங்கும்போது, இளைப்பாறுவதற்குச் சில மாதங்களே இருக்கும். அவர் தோற்றார் என்று எவரும் சொல்லவில்லை, ஆனால் தோற்றுவிட்டார். அயல் நாடான இந்தியாவிலே இந்த அபாயத்தை ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, எதிர்த்தரப்பைக் கேளாமல் வழங்கப்பட்ட இடைக்காலக் கட்டளை, இடையிலே அவரைக் கேட்டு நீடிக்கப்பட்டாலன்றிப் பதினான்கு நாளிலே செயலிழந்துவிடும் என்கிறது. பதினான்கு நாள் என்ற எண்ணிலே புனிதம் ஒன்றுமில்லை. அறியாமையின் நடுவிலே பிறந்த கட்டளைக்கு ஆயுள் குறுகியதாக இருக்கவேண்டும் என்ற பணிவுதான் அதிலே போற்றத்தக்கது.

என் அபிப்பிராயத்திலே, மீளாய்வுக்கு அமரும் நீதிபதி முதலிலே அடக்கவேண்டியது, யார் பக்கம் நியாயம் என்று தாமே மறுபடி காணவேண்டும் என்ற ஆவலை. அது கீழ்மன்றத்துக்கும் இன்னும் தெரியாத விஷயம். மேலே இருப்பதனால் மாத்திரம் அது தெரிந்துவிடாது. அவர் கேட்கவேண்டியது, இரண்டு தவறுகளுள் எது திருத்தக்கூடியது என்பதே. தடை கொடுத்தது தவறாயின் அதனால் நிகழ்ந்ததை மீட்கலாமா, தடை மறுத்தது தவறாயின் அதனால் நிகழ்ந்ததை மீட்கலாமா என்று நிறுத்துப் பார்த்து, மீட்கமுடியாத தவறைத் தவிர்ப்பதே அவருடைய அறம். இதற்கு உண்மையை முழுவதும் அறியவேண்டியதில்லை. தம் அறியாமையின் எல்லையை அறிந்தால் போதும். அதனையும் விரைவிலே செய்யவேண்டும். பாடசாலை வருடம் முடிந்தபின் வரும் மீளாய்வு, நிதானமாகச் செய்யப்பட்டதென்று புகழப்படலாம். இருக்கையில் இருப்பவருக்கு அந்த வருடத்தை இனாமாகக் கொடுத்தது என்பதே அதன் உண்மைப் பலன்.

ஆனால் இவ்வளவு சொல்லியும் ஒரு தரப்பை நான் இன்னும் எண்ணவில்லை. 1993இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த அப்பாஸ் வழக்கிலே, ஷில்லாங்கிலே தாவரவியல் ஆய்வுத் திணைக்களத்தில் பணியாற்றிய தோட்டக் காப்பாளர் ஒருவர் இமயமலைப் பகுதியிலுள்ள பௌரிக்கு மாற்றப்பட்டார். மனைவிக்கு ஷில்லாங்கிலே உத்தியோகம். பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள். அவருக்கு முதுகெலும்பிலே உபாதை. தீர்ப்பாயம் இரங்கியது, உச்ச நீதிமன்றம் இரங்கவில்லை. யாரை எங்கே அனுப்புவது என்பது உரிய அதிகாரியின் பொறுப்பு, தீய நோக்கமோ சட்ட மீறலோ இல்லாதவிடத்து நீதிமன்றம் புகலாகாது என்றது. படிக்கும்போது மனத்துக்குக் கடினமாக இருக்கும் அந்தத் தீர்ப்பிலே ஒரு நியாயம் உண்டு. பௌரியிலும் யாரோ ஒருவர் வேலை செய்தாகவேண்டும். அவ்வாறே வெருகலிலும், ஈச்சிலம்பற்றிலும், கோமரங்கடவலையிலும் யாரோ ஒருவர் கணிதம் கற்பித்தாகவேண்டும். நகரத்து ஆசிரியருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு தடையுத்தரவும் அங்கே ஒரு வகுப்பறையிலே வெற்று நாற்காலியாக விடியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் நகரத்துக்கும் மூதூர்ப் பக்கத்துக்கும் உள்ள தூரம் குறைந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்தோம். ஆசிரியர்களின் மனத்திலே அது அவ்வளவாகக் குறையவில்லை. பிறர் நிமித்தம் பற்றைத் துறத்தல் என்ற உபதேசம் உத்தியோக வாழ்விலே உண்மையாகப் பொருந்தும் இடம் இதுவே. அதிகாரியின் கட்டளைக்காக அன்று, அந்தப் பிள்ளைகளுக்காகத் தானாகவே போகும் ஒருவருடைய பயணம் தொண்டாகும். அத்தகையவர்களை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. ஆனால் அவர்கள் வழக்குத் தொடுப்பதில்லை, ஆதலால் சட்ட அறிக்கைகளிலே அவர்களுடைய பெயர் இல்லை.

எழுத்தாணை வழக்குகளிலே, கேட்கப்படும் நிவாரணத்தால் பாதிக்கப்படக்கூடியவரை எதிர்மனுதாரராகச் சேர்த்தேயாகவேண்டும், சேர்க்காத மனு அந்த ஒரு குறையினாலேயே தள்ளுபடியாகலாம் என்பது இலங்கை மன்றங்கள் கண்டிப்பாகப் பேணிவரும் விதி. எனவே மனுதாரரின் இடத்துக்கு நியமிக்கப்பட்டு வந்திருக்கும் பதிலாளைச் சட்டம் மறப்பதில்லை. அவருக்கும் அறிவித்தல் போகும், அவரும் சட்டத்தரணியை அமர்த்தி, தாமும் கஷ்டப் பிரதேசத்தில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வந்தவர் என்று சத்தியக்கடதாசி சமர்ப்பிக்கலாம். பணிப்பாளருக்காகச் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து அரச சட்டத்தரணி வருவார். மனுதாரர் போகமறுத்த பாடசாலையின் பிள்ளைகளுக்காகப் பதிலித்தத்துவம் தாக்கல் செய்பவர் எவருமில்லை. அவர்களை எதிர்மனுதாரராகச் சேர்க்கவேண்டும் என்று இதுவரை எந்த எதிர்த்தரப்பும் ஆட்சேபம் எழுப்பியதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.